சவுக்குப் பொடியும் மிச்சக் கொடைக்கானலும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடை திறக்கும் முன்பே, எங்கள் வீட்டு மிக்சியை நான் கைப்பற்றினேன். இனிமேல் இந்த வீட்டில் பொடி அரைக்கும் அதிகாரம் வன்னியபெருமாளுக்கே என்று அறிவித்தேன். வன்னியபெருமாள் என்பது நான்தான். தூத்துக்குடி மட்டக்கடையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அறிவிப்பைக் கேட்க வீட்டில் என் மனைவி இசக்கியம்மாளைத் தவிர வேறு ஆள் இல்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் ஜாரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் போதும் என்றாள். பெரிய புரட்சிகளை ஊர் இப்படித்தான் வரவேற்கிறது.

இந்தப் புரட்சிக்குக் காரணம் ஒரு ருசி.

கல்யாணமான புதிதில் நாங்கள் கொடைக்கானல் போனோம். மதுரையில் பஸ் மாறி, மலையில் வளைந்து வளைந்து ஏறி, வழியெல்லாம் ஒருவர் வாந்தி எடுத்து, (அந்த ஒருவர் நான்தான்) பைன் மரக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். இசக்கியின் மடியில் தூக்குச் சட்டி. அதில் நல்லெண்ணெய் விட்டுப் பொடி தடவின இட்லி. மரத்தடியில் உட்கார்ந்து திறந்தோம். மேலேயிருந்து ஊசி ஊசியாக இலை உதிர்ந்து இட்லியின் மேல் விழுந்தது. பசி. எடுத்துப் போடப் பொறுமை இல்லை. ஒன்றிரண்டு இலையோடு சேர்த்தே தின்றேன். அந்த ருசியை எப்படிச் சொல்ல? குளிரும் காரமும் எண்ணெய் வாசமும் ஒன்றாக உள்ளே இறங்கின. இசக்கி தன் பங்கில் பெரிய இட்லியை என் பக்கம் தள்ளிவிட்டாள். அதையும் தின்றேன். அப்படி ஒரு இட்லியை அதற்குப் பிறகு நான் தின்னவே இல்லை.

அன்று சாயங்காலமே லாட்ஜுக்கு போன் வந்துவிட்டது. என் அப்பா. கப்பலில் பருப்பு வந்து இறங்கிக் கிடக்கிறது, எடுத்து வர ஆள் இல்லை, உடனே கிளம்பி வா என்றார். விடிந்ததும் பஸ் ஏறிவிட்டோம். இசக்கி ஏரியைப் பார்க்கவில்லை. படகில் ஏறவில்லை. ஏரி எந்தப் பக்கம் என்று கண்டக்டரிடம் கேட்டு, அந்தப் பக்க ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் பனிமூட்டம்தான் இருந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு ஏக்கங்கள். எனக்கு அந்த ருசி. அவளுக்கு மிச்சக் கொடைக்கானல். அவள் அப்படித்தான் சொல்லுவாள், ஏதோ தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்த பண்டம் மாதிரி.

"மிச்சக் கொடைக்கானலை எப்ப பாக்கது?" என்பாள்.

"கடையை யாரு பாக்கது?" என்பேன்.

அத்தோடு பேச்சு முடிந்துவிடும். மகள் பானுப்ரியா பிறந்தாள், படித்தாள், கல்யாணம் முடித்துக் கனடாவுக்கே போய்விட்டாள். எங்கள் பேச்சு மட்டும் அந்த இரண்டு கேள்வியைத் தாண்டவில்லை.

என் ஏக்கத்தை நான் மனதுக்குள் பூட்டி வைக்கும் ரகம் இல்லை. தினமும் காலையில் கடைக்கு இட்லி வரும். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு கை இட்லியிலும் ஒரு கை பொட்டலத்திலுமாகத் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொல்லுவேன். பொடி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கொடைக்கானல் மாதிரி இல்லை. இதை எத்தனை வருஷம் சொன்னேன் என்பதற்கு என் தலைமுடி சாட்சி. அது இப்போது இல்லை. இசக்கி பொறுமைசாலி. ஒரே ஒரு தடவை தோசைத் திருப்பியை ஓங்கினாள். அது தோசைக்குத்தான் என்று பிறகு தெரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் போன வாரம் பானு போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கூடையை எடுத்துக்கொண்டு பனிக்காட்டுக்குள் போகிறாள். கிறிஸ்மஸ் மரத்தில் ஊசி இலையைப் பறிக்கிறாள். கழுவி, நறுக்கி, கடல் உப்பும் பூண்டும் காய்ந்த தழைகளும் சேர்த்து அரைத்து, பாட்டிலில் அடைத்து, கழுத்தில் ரிப்பன் கட்டுகிறாள். எதன் மேல் தூவினாலும் காட்டு வாசம் வருமாம். கீழே பானு எழுதியிருந்தாள்: "அப்பா, உங்க கொடைக்கானல் இட்லி ஞாபகம் வந்துச்சு."

எனக்கு மண்டைக்குள் பல்பு எரிந்தது. துவரம் பருப்பு கேட்டு நின்ற அம்மாவுக்குக் கடலைப் பருப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ருசித்தது பொடியே இல்லை. அந்த இலை. இத்தனை காலமும் நான் மனைவியைக் குறை சொல்லியிருக்கிறேன். மரத்தையல்லவா விசாரித்திருக்க வேண்டும்.

சரி, மரத்துக்கு எங்கே போவது? இங்கேதான் என் மூளை மின்னலாக வேலை செய்தது. கிறிஸ்மஸ் மரம் தெரியாத தூத்துக்குடிக்காரன் உண்டா? என் பக்கத்து வீடு பெனிஸ்டன் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். டிசம்பர் பிறந்தால் அவர் சவுக்குக் கிளை ஒன்றை வெட்டி வந்து, மண் நிரப்பிய பெயிண்ட் வாளியில் நட்டு, உச்சியில் நட்சத்திரம் வைத்து, பனி என்று சொல்லிப் பஞ்சை ஒட்டுவார். பஞ்சு என் கடைச் சரக்கு. நான் பார்த்து வளர்ந்த கிறிஸ்மஸ் மரம் அதுதான். பச்சையா, பச்சை. இலை ஊசியா, ஊசி. கிறிஸ்மசுக்கு வைப்பதா, ஆமாம். கல்யாணத்துக்குக்கூட நாங்கள் இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெனிஸ்டன் பூசை முடிந்து வந்ததும் அவர் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். கையில் அரிவாளும் மஞ்சள் பையும்.

"அண்ணாச்சி, கிறிஸ்மசுக்கு இன்னும் நாள் கெடக்கு. உங்களுக்கு எதுக்குச் சவுக்கு?" என்று கேட்டார்.

"திங்கதுக்கு."

பெனிஸ்டன் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "நாங்க அதைச் சோடிச்சுதான் பாத்திருக்கோம் அண்ணாச்சி. தின்னு பாத்ததில்ல. வீட்ல மைனிக்குத் தெரியுமா?"

எல்லாம் தெரியும், வண்டியை விடும் என்றேன்.

துறைமுகத்துக்குத் தெற்கே கடலோரம் பெனிஸ்டனின் மைத்துனருக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் காற்று ஒரு வீசு வீசியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அதே ஓசை. அன்றைக்கு மரத்தடியில் கேட்ட அதே 'ஸ்ஸ்ஸ்'. இசக்கி தூக்குச் சட்டியைத் திறந்த சத்தம்கூட நினைவுக்கு வந்தது. கண்ணை மூடினால் கொடைக்கானல். திறந்தால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி. அதனால் பெரும்பாலும் மூடிக்கொண்டே பறித்தேன். ஒரு கொத்தை வாயில் போட்டு மென்றேன். பெனிஸ்டன் ஸ்கூட்டர் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு எந்த வழி கிட்டம் என்று யோசிக்கிறவர் மாதிரி நின்றார். ருசி ஒன்றும் தெரியவில்லை. உப்பு சேர்ந்தால்தான் எதுவும் தெரியும் என்று அவருக்கு விளக்கினேன்.

உப்புக்கு எங்கள் ஊரில் என்ன குறை? அந்த வெள்ளைக்காரப் பெண் கடல் உப்பை ஒரு சின்னக் குப்பியிலிருந்து இரண்டு விரலால் எடுத்தாள். இங்கே அது ரோட்டோரம் மலை மலையாகக் குவிந்து ஓலை போர்த்திக் கிடக்கிறது. என் கடை வாசலில் மூட்டையில் வெளியே கிடக்கும், யாரும் திருடக்கூட மாட்டார்கள். கல் உப்பு எடுத்தேன். ஆனால் வெள்ளைக்காரி செய்முறையில் சத்து போதவில்லை. உளுந்து, வத்தல், எள், பூண்டு, பெருங்காயம் எல்லாம் வறுத்துச் சேர்த்தேன். சவுக்கு இலையை மாடியில் காயப் போட்டதில் பாதி பெனிஸ்டன் வீட்டு மாடிக்குப் பறந்துவிட்டது. அவர் அதைக் கூட்டி அள்ளி, மரியாதையாக ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமையும் மிக்சியும். சவுக்கு இலை அரைபடுகிற ஜாதி இல்லை. பிளேடில் போய்ச் சுற்றிக்கொண்டது. மிக்சி ஒரு மாதிரி அழுதது. புகை வாசம் வந்தது. நிறுத்தி, சிக்கெடுத்து, மறுபடி ஓட்டி, சலித்து, சலித்ததில் நின்றதை மறுபடி அரைத்து, கடைசியில் ஒரு பாட்டில் பொடி தேறியது. நிறம் பச்சையும் இல்லை, காவியும் இல்லை. என் வாழ்நாளில் எத்தனையோ சரக்கை மோந்து பார்த்தே தரம் சொல்லியிருக்கிறேன். இதை மோந்து பார்த்தேன். தரம் சொல்லவில்லை. பாட்டில் கழுத்தில் ரிப்பன் கட்டினேன்.

இசக்கி இட்லி அவித்து வைத்திருந்தாள். தட்டில் வைத்தாள். வழக்கமாக நான் சாப்பிடும்போது அவள் அடுப்படிக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். அன்றைக்கு எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எண்ணெயை ஊற்றிப் பொடியைக் குழைத்து ஒரு வாய் போட்டேன். வாய்க்குள் ஒரு தென்னந் துடைப்பம் நுழைந்து கூட்டத் தொடங்கியது. உளுந்து வாசம் ஒரு பக்கம் நின்றது, உப்பு ஒரு பக்கம் நின்றது, நடுவில் சவுக்கு யாரையும் சேர விடாமல் வேலி போட்டுவிட்டது. துப்ப முடியாது. எதிரே அவள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ம்."

"கொடைக்கானல் மாதிரி இருக்கா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப இன்னும் ரெண்டு வைக்கட்டா?"

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். இசக்கி பாட்டிலைத் திறந்து ஒரு துளி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அங்கேதான் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"இது சவுக்குங்க," என்றாள் மெதுவாக. "அங்கன நம்ம தலையில விழுந்தது பைனு. அது வேற, இது வேற. பாவம், எவ்வளவு பாடுபட்டிருக்கிய."

"அப்ப பைனுக்கு எங்க போறது?"

"அதுக்கு அங்கனதான் போணும். விடுங்க. நமக்கு அதெல்லாம் சரிப்படாது. கடையை யாரு பாக்கது?"

எனக்குச் சுருக்கென்றது. அது என் வசனம். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் அதைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான். அதை அவள் எடுத்துச் சொன்னபோது, அது எவ்வளவு பஞ்சத்துக்குப் பிறந்த வசனம் என்று எனக்கே தெரிந்தது.

"ஏன் சரிப்படாது?" என்றேன்.

"உங்களால கடையை விட்டுட்டு இருக்க முடியாதுங்க. உங்க உடம்பு வாகு அப்படி."

"யாரால முடியாது? நான் போறேன் பாரு. நீயும் வார."

"நான் எதுக்குங்க? குளிரு வேற. நான் இங்கனயே கெடக்கேன். நீங்க போய்ப் பறிச்சிட்டு வாங்க."

"நான் பறிக்கும்போது பையைப் பிடிக்க ஆள் வேண்டாமாளா?"

அவள் பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி. நீங்க இவ்வளவு தூரம் சொல்லுதிய. மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்ல."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாக்குவாதத்தில் நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. சவுக்குத் துகள் பல்லிடுக்கில் உறுத்திக்கொண்டிருந்தது. அதையும் மீறிச் சந்தோஷமாக இருந்தது.

அதிர்ஷ்டம் வந்தால் வரிசையாக வரும் போல. அன்று சாயங்காலமே இசக்கியின் தம்பி மாரிச்செல்வம் மாப்பிள்ளையூரணியிலிருந்து துணிப்பையோடு வந்து நின்றான். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அத்தான்" என்றான். ஆளை அப்படியே பிடித்துக் கடையில் நிறுத்தினேன். சீரக டப்பா எங்கே இருக்கிறது, கடனுக்கு யார் யாருக்குக் கொடுக்கக் கூடாது, எல்லாம் நான் சொல்லும் முன்பே சொன்னான். கெட்டிக்காரப் பையன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால், பீரோவின் அடித்தட்டில் காலங்காலமாகக் கிடந்த ஸ்வெட்டர்கள் இரண்டும் துவைத்து மடித்துக் கட்டிலில் இருந்தன. ஒரு மத்தியானத்துக்குள் எப்படிக் காய்ந்தன என்று ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஊர் வெயிலுக்கு எதுவும் முடியும்.

மறுநாள் விடியும் முன்பே கிளம்பி, மதுரையில் பஸ் மாறி, மலை ஏறினோம். வழியில் ஒருவர் வாந்தி எடுத்தார். அதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

பைன் காட்டில் இப்போது கூட்டம். குதிரை, சோளக்கதிர், ஆளுக்கொரு போனை நீட்டிக்கொண்டு படம் எடுக்கிற பிள்ளைகள். மரங்கள் மட்டும் அப்படியே நின்றன. காவலுக்கு நின்றவர் மரத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் நான் குனிந்து, உதிர்ந்து கிடந்ததில் பசுமையாக இருந்ததைப் பொறுக்க ஆரம்பித்தேன். பையைப் பிடிக்க வந்தவள் பையை என் கையிலேயே கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதிப் பை நிறைந்ததும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் தூக்குச் சட்டியைத் திறந்தாள். வாழையிலைக்குள் பொடி தடவின இட்லி. எடுத்து வாயில் போட்டேன்.

அதேதான். குளிரும் காரமும் எண்ணெய் வாசமும் ஒன்றாக உள்ளே இறங்கின. நான் மேலே பார்த்தேன். இலை ஒன்றும் உதிரவில்லை. இட்லியைப் புரட்டிப் பார்த்தேன். ஊசி எதுவும் இல்லை. நான் பொறுக்கினதெல்லாம் பைக்குள் பத்திரமாக இருந்தது.

"ஏளா, இதுல என்ன போட்ட?"

"எப்பவும் போடுததுதான்."

"கடைக்குக் கொடுத்து விடுவியே, அந்தப் பொடியா?"

"அதேதான். நீங்க நின்னுக்கிட்டே, பொட்டலம் மடிச்சுக்கிட்டே திங்கியள்லா, அதே பொடி. அன்னைக்கும் இதுதான். நான் வேற பொடி அரைச்சதே இல்ல."

சொல்லிக்கொண்டே தன் பக்கமிருந்த பெரிய இட்லியை என் பக்கம் தள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்றேன். அவள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். அது காரத்தால் இல்லை என்று அவளுக்கும் தெரியும். காற்று வீசியது. இசக்கியின் நரைத்த முடி பறந்து முகத்தில் விழுந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. எப்போதும் பிடிக்கும்தான். கடையில் நிற்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷக் காலை இட்லிகளை உட்கார்ந்து தின்றிருக்கலாம் என்று இருந்தது. பைக்குள் இருந்த இலையை என்ன செய்வது என்று கேட்டேன். அடிப்பிடித்த பால் சட்டியைத் தேய்க்க நல்லா இருக்கும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

மனம் இளகிய ஆண்பிள்ளை அந்த வேகத்திலேயே ஏதாவது தாராளமாகச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி இறுகிவிடும். நான் எழுந்து வேட்டியில் ஒட்டின சருகைத் தட்டிவிட்டுச் சொன்னேன்.

"இசக்கி, நாம இன்னைக்கே திரும்பல. இங்கன தங்குதோம். நாளைக்கு ஏரி. அங்கன படகு. உன் மிச்சக் கொடைக்கானல் முழுசையும் பாத்துட்டுத்தான் ஊருக்கு."

"நெசமாவா?" என்றாள். கண்ணை அகல விரித்தாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "நான் நெனச்சே பாக்கலிங்க."

இவளை இப்படி ஆச்சரியப்படுத்த இத்தனை காலம் தோன்றவில்லையே என்று என்னை நானே கடிந்துகொண்டேன். சீசன் நேரம். அறை கிடைப்பது குதிரைக்கொம்பு என்று வழியெல்லாம் அவளைப் பயமுறுத்தி, கவலைப்படாதே, நான் பேசிப் பிடிக்கிறேன் என்று தைரியமும் கொடுத்துக்கொண்டே ஏரிக்கரைக்கு வந்தேன். பார்த்த முதல் லாட்ஜுக்குள் நுழையப் போனேன். அது வேண்டாம், அடுத்ததில் கேட்டுப் பார்க்கலாமே என்றாள். சரி, பெண்பிள்ளை ஆசை என்று விட்டுக்கொடுத்தேன்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் கம்பளித் தொப்பி போட்ட மேனேஜர் உட்கார்ந்திருந்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து வருகிறோம், வன்னியபெருமாள், எப்படியாவது ஒரு அறை வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தார். எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்கம்மா. ஏரியைப் பாத்த ரூமையே எடுத்து வச்சிருக்கேன். போன மாசம் நீங்க போன்ல சொன்ன மாதிரியே சார் தானாவே கிளம்பி வந்துட்டாரே."